மூட முடியாத மடிக்கணினி

பஸ் டிக்கெட் விற்கும் அந்தக் கம்பெனியில், விற்பனையை நடத்தும் சர்வர் கணினியைப் பார்த்துக்கொள்வதால் அவரைச் சர்வர்காரர் என்பார்கள். தானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றவர். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவர். ஆனைக்கும் அடி சறுக்குமே.

விடுமுறை டிக்கெட் விற்பனை தொடங்கியதும், ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ளே வந்ததோடு சர்வர் கதவைச் சாத்திக்கொண்டது. ஒரு நிரல் ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புகளைத்தான் திறந்து வைக்கலாம் என்று இயங்குதளம் போட்டிருந்த வரம்பு அது. அவர் அவசரத்தில் தன் மடிக்கணினி வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, தான் திறந்த அந்த ஒரு ஜன்னலில் மட்டும் வரம்பை உயர்த்தி, அங்கிருந்தே டிக்கெட் விற்கும் நிரலைக் கிளப்பிவிட்டார். கூட்டம் உள்ளே போனது. அப்புறம்தான் உறைத்தது: மடிக்கணினியை மூடினால் ஜன்னல் போகும், ஜன்னலோடு நிரலும் போகும்.

"ஒரு நிமிஷம் நிறுத்தி, சரியா ஓட விட்டுடறேன் சார்."

"ஓடுறதுல கை வெச்சா உங்க வேலை போயிடும்" என்றார் மேனேஜர். "விற்பனை முடியற வரைக்கும் மூடாதீங்க, அவ்வளவுதான்."

மூடவில்லை. சலூனில் மடியில் இருந்தது. குளிக்கும்போது கவிழ்த்த வாளிமேல் இருந்தது. படுக்கையில் தலையணை அதற்கு, கை இவருக்கு. மனைவிக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கும் வாயைப் பிளந்தபடி கூடவே வந்தது.

"மாப்பிள்ளை, பிரசவத்துக்கு வந்தீங்களா, படம் பாக்க வந்தீங்களா?" என்றார் மாமியார். "கொடுங்க, மூடி பத்திரமா வைக்கிறேன்."

"ஐயோ அத்தை, மூடக்கூடாது!"

நர்ஸ் கதவைப் பாதி திறந்தார். "அது வெளியே இருக்கணும். இல்லன்னா நீங்க வெளியே."

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "வரீங்களா, இல்ல அதுகூடவே குடும்பம் நடத்தறீங்களா?"

அவர் சுவரோரம் குந்தினார். நிரல் கிளம்பியதும் தன் வரம்பைத் தானே உயர்த்திக்கொள்ளும்படி அதன் தலையில் ஒரு வரி எழுதினார். இரண்டு தடவை படித்தார். வேலை போனால் போகட்டும் என்று நிரலை நிறுத்தி, எந்த ஜன்னலையும் நம்பாமல் பின்னணியில் ஓடும்படி மறுபடி கிளப்பினார். டிக்கெட் வாங்க உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே விழுந்தார்கள். ஒரு மூச்சு. ஆயிரம். இரண்டாயிரம். ஏறிக்கொண்டே போனது.

மூடினார். போனில் பார்த்தார். டிக்கெட் விற்றுக்கொண்டுதான் இருந்தது.

உடனே மேனேஜர் கூப்பிட்டார். "பாத்தீங்களா? கை வைக்காம இருந்தா எவ்வளவு அழகா ஓடுது!"

"ஆமா சார்" என்றபடி மடிக்கணினியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"எங்கே அது?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மூடிட்டேன்."

அவள் நம்பவில்லை. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள். பிடித்ததை விடவில்லை.