மிளகுத்தண்ணி நோட்டு

தேவராஜ் அண்ணாச்சி போயிட்டார். நேத்து காலையில... ஹார்ட் அட்டாக்.

வண்ணார்பேட்டை பிரஸ்ல பதினாறு வருஷம் என் பக்கத்து டேபிள். ரெண்டு பேருமே புரூஃப் ரீடர். வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் "நல்ல மனுஷன்"னு போடுறாங்க. எனக்குக் கை வரல.

ஒரு நாள் ஹோட்டல் மெனு கார்டு ஒன்னு புரூஃபுக்கு வந்துச்சு. அதுல 'மல்லிகடானி சூப்'. "இது என்ன இங்கிலீஷ்வே?"ன்னு கேட்டார்.

நம்ம மிளகுத்தண்ணிதான் அண்ணாச்சி, வெள்ளைக்காரன் வாயில அப்படி ஆயிட்டுன்னேன். எங்க வீட்டு நோட்டுலயே இருக்குன்னும் சொல்லித் தொலைச்சேன்.

என் பூட்டன் மாசிலாமணி, 1910 வாக்குல பாளையங்கோட்டையில ஒரு துரை பங்களாவுல சமையல்காரர். துரை எந்தப் பதார்த்தத்தை எப்படிச் சொல்லுவார்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தார். மறுநாள் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"துரை இதை சூப் என்கிறார். சூப் அல்ல. காய்ச்சலுக்குக் குடிக்கிற மிளகுத்தண்ணி. சொன்னால் கேட்பதில்லை."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரிச்சார். விரல்ல இருந்த மையை வேட்டியில துடைச்சிட்டுத்தான் நோட்டைத் தொட்டார். "ரெண்டு நாள்ல தாரேன்வே"ன்னு வாங்கிட்டுப் போனார்.

அந்த டிசம்பர்ல ஒரு கிறிஸ்துமஸ் மலர் எங்க பிரஸ்ல அடிச்சோம். அவர் எழுதின கட்டுரை என் டேபிளுக்கே புரூஃபுக்கு வந்துச்சு. 'ஓர் ஆங்கிலச் சொல்லின் கதை'. முதல் வரியே... "என் பூட்டனார் மாசிலாமணி".

ரெண்டு எழுத்துப்பிழை இருந்துச்சு. திருத்திக் கொடுத்தேன்.

கேட்டேன். "வாசிக்கவனுக்கு யாரு பூட்டனா இருந்தா என்னவே? கிழவர் பேரு அச்சுல வந்துட்டுல்லா"ன்னார். நோட்டைக் கேட்டா, "வீட்டுல தேடுதேன்". இப்படியே ஒன்பது வருஷம்.

இன்னைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குள்ள, நெஞ்சு மேல பைபிள். பக்கத்துல அந்த நோட்டு.

"அப்பாவோட பூட்டன் எழுதுனது சித்தப்பா. அப்பா இது மேல உயிரையே வச்சிருந்தாங்க, அதான் கூடவே வைக்கோம்"னு அவர் மக சொல்லுச்சு. அழுதழுது முகமெல்லாம் வீங்கியிருந்துச்சு.

தலையை ஆட்டினேன். மூடிட்டாங்க. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துல நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன்.

வயிறு எரியுது அண்ணாச்சி. அங்க உங்க மக முன்னாடி சொல்ல முடியல, இங்க எழுதுறேன். மாசிலாமணி என் பூட்டன். காட்டுறதுக்கு இனி என்கிட்ட ஒன்னும் கிடையாது.

மேல மாசிலாமணியைப் பார்த்தீங்கன்னா, நீங்க யாரு வீட்டுப் பிள்ளைன்னு நீங்களே சொல்லிக்கோங்க.

போயிட்டு வாங்க.