போனில் வந்தால்தான் வேலை

காக்கிக் கால்சட்டையில் இரண்டு தேய் தேய்த்துச் சூடேற்றிவிட்டுத்தான் சிங்கராயர் அதைத் திறக்கிறார். திறந்ததும் ஊதுகிறார். "பனிக்கு எழுத்தெல்லாம் வெறச்சுப் போயி நிக்கும்ங்க. கொஞ்சம் ஒணத்தி கொடுத்தாத்தான் எந்திரிக்கும்" என்கிறார், எதிரில் யாராவது இருந்தால். யாரும் இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்கிறார்.

அது ஒரு டிஜிட்டல் டைரி. உள்ளங்கை அளவு, கறுப்பு நிறம். ஏற்காட்டில் சிங்கராயர் பார்த்துக்கொள்ளும் நான்கு பங்களாக்களில் ஒன்றின் சொந்தக்காரரான மெட்ராஸ் டாக்டரம்மா, புதிது வாங்கியதும் பழையதை இவரிடம் கொடுத்தார். தேதி போட்டு, நேரம் போட்டு, வேலையை அடித்து வைத்தால், அந்த நேரத்துக்கு அது கீச்சென்று கத்தும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அது முதல்முறை கத்தியபோது, கடைக்காரர் அடுப்புக்கடியில் எலி இருக்கிறது என்று விறகுக்கட்டையைத் தூக்கிவிட்டார்.

பொத்தான்கள் அரிசி அளவு. சிங்கராயரின் விரல்களோ வாழைப்பூ மாதிரி. எனவே தீக்குச்சியின் பின்பக்கத்தால் குத்துகிறார். அதில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தைக் கூட்டித் தமிழை அடிக்கிறார். தொட்டி கழுவுவதை அவர் அடித்து வைத்திருக்கும் விதத்தை டாக்டரம்மாவே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தார்.

ஆனால் அவருடைய முறையில் குழப்பமே கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஓர் எண் போடுகிறார். விட்டால் பெரிதாகும் வேலை ஒன்றாம் நம்பர்: குழாய்க் கசிவு, ஜன்னல் வழியே குரங்கு, கரண்ட் ஒயரில் பூஞ்சை. சொந்தக்காரர் காரை விட்டு இறங்கியதும் கண்ணில் படும் வேலை இரண்டாம் நம்பர்: புல், கேட்டுக்குப் பெயிண்ட், செத்துப்போன ரோஜா. கேட்டுவிட்டு அவர்களே மறந்துவிடும் வேலை மூன்றாம் நம்பர். "தோட்டத்துல ஊஞ்சல் போடலாமான்னு கேப்பாங்க. போட்டு வெச்சா, இதை யாரு போடச் சொன்னதும்பாங்க."

எண் போட்ட பிறகு நேரம் போடுகிறார். கூரை ஏறும் வேலையெல்லாம் மஞ்சு என்னும் மூடுபனி இறங்குவதற்கு முன்னால். பெயிண்ட் வெயில் சாயும்போது. சேலத்துக்குப் போய் வாங்க வேண்டியவை எல்லாம் ஒரே நாளில். ஒன்றாம் நம்பர் வேலை வந்துவிட்டால் இரண்டையும் மூன்றையும் தூக்கி அடுத்த வாரத்தில் வைத்துவிட்டு, நாற்காலிகளை ஒழுங்காகப் போட்டவர்போலத் திருப்தியாக மூடிவிடுகிறார்.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு கதவுதான். போனில் வரும் வேலை மட்டுமே டைரிக்குள் போகும். இதற்குக் காரணம் உண்டு. வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் அவரை நிறுத்துவார்கள். "சிங்கராயரே, எங்கூட்டு மோட்டாரை ஒரு பார்வை பாத்துட்டுப் போறது!" இப்படி ஊர் மோட்டாரையெல்லாம் பார்த்ததில் ஒரு மழைக்காலத்தில் டாக்டரம்மா பங்களாவின் சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அன்று முதல் அவர் சட்டம் போட்டுக்கொண்டார். "போன்ல வந்தா வேலை. வாய்ல வந்தா பேச்சு." தினமும் சாயங்காலம் டாக்டரம்மா பங்களாவில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நான்கு வீட்டுக்காரர்களும் அங்கேதான் கூப்பிடுவார்கள்.

போன ஐப்பசியில் இந்தச் சட்டம் அவருடைய சொந்தக் கூரையிலேயே மாட்டிக்கொண்டது.

ஜெரினாக்காட்டில் அவர் வீட்டின் மேற்கு அறைக் கூரைமேல் குரங்குகள் ஓடி ஓடி ஓடுகள் விரிசல் விட்டுவிட்டன. மழை வந்தால் அறைக்குள்ளும் மழை. மகள் செலின் முதல் பிரசவத்துக்காக ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தாள். படுப்பதற்கு அந்த ஓர் அறைதான் உண்டு. மனைவி அமலி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மேக்கால ரூம்பு ஒழுகுதுங்க. நெறமாசப் புள்ளயைக் கொண்டாந்து ஈரத்துலயா போடறது?"

"பாத்துக்கலாம் அமலி."

"அந்தப் பொட்டியில ஏத்துங்களேன்."

"அது பங்களா வேலைக்கு. நம்மூட்டு வேலையெல்லாம் மனசுல இருக்குது."

"உங்க மனசுக்குப் பேட்டரி தீந்து மூணு வருசம் ஆச்சுங்க!"

சிங்கராயர் சிரித்துக்கொண்டே டைரியை ஊதித் திறந்தார். சனிக்கிழமை முழுவதும் நிறைந்திருந்தது. நான்கு சொந்தக்காரர்களில் மிகவும் கண்டிப்பான ஜட்ஜய்யா அன்று விருந்தாளிகளோடு வருகிறார். காலையிலிருந்தே பங்களாவில் இருக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. ஜட்ஜய்யாவுக்கு இதுவரை யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சிங்கராயருக்குப் பொதுவாகவே போனில் அந்த வார்த்தை வராது.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் மணி அடித்தது. எடுத்தார்.

"ஹலோ, சிங்கராயரா?" ஒரு பெண் குரல். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெட்ராஸ் பாஷை பேசுவதுபோல இருந்தது. பின்னால் பஸ் கண்டக்டர் "நாகலூர், நாகலூர்" என்று கத்துவது கேட்டது.

"ஆமாங்கம்மா. எந்தப் பங்களாங்க?"

"ஜெரினாக்காடு. ரோட்டுக்குக் கீழே மூணாவது வீடு. எங்க கூரை ஒழுகுது. ஞாயித்துக்கிழமை எங்க பொண்ணு பிரசவத்துக்கு வர்றா."

சிங்கராயர் ஒரு நிமிடம் ரிசீவரைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஓடு போயிருக்குதுங்களா, மரச்சட்டம் போயிருக்குதுங்களா?"

"ஓடுதான். சட்டம் நல்லா இருக்குது. ஓடு மாத்தற செங்கோடன்கிட்டப் பேசிட்டேன். சனிக்கிழமை காலையில மட்டுந்தான் அவன் சும்மா இருக்கானாம். ஆனா கீழ நின்னு ஓடு எடுத்துக் குடுக்க ஆள் வேணுமாம்."

"சனிக்கிழமைங்களா..." அவர் குரல் இறங்கியது. "அன்னைக்கு ஜட்ஜய்யா வேலை இருக்குதுங்களே."

"அது எத்தனாம் நம்பரு?"

"ரெண்டுங்க."

"விட்டாப் பெருசாகறது எத்தனாம் நம்பரு?"

சிங்கராயர் டைரியை ஊதித் திறந்தார். தீக்குச்சியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். போனில் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஏத்திட்டனுங்கம்மா. ஒண்ணாம் நம்பரு. வேற ஏதாச்சுங்களா?"

"அவ்வளவுதான்."

"ஏனுங்கம்மா, ராத்திரிக்கு என்ன கொழம்புங்க?"

 பதில் மூக்கை விட்ட குரலில் வந்தது. "அது மூணாம் நம்பருங்க!" போன் வைக்கப்பட்டது.

கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. சிங்கராயர் மூன்று முறை ரிசீவரை எடுத்து மூன்று முறையும் வைத்தார். எப்போதும் சொந்தக்காரர்கள்தான் கூப்பிடுவார்கள். அவராகக் கூப்பிட்டதே இல்லை. நான்காவது முறை ஜட்ஜய்யாவின் எண்களைச் சுழற்றினார்.

"அய்யா, சிங்கராயருங்க. சனிக்கிழமை காலையில ஆகாதுங்க. தொட்டி, பாத்ரூம்பு எல்லாம் நாளைக்கே முடிச்சு வெச்சுடறனுங்க. நான் சாயங்காலந்தானுங்க வருவேன்."

"ஏன்? என்ன வேலை?"

"இன்னொரு ஊட்டுல ஒழுகுதுங்க."

"யாருய்யா அது, எனக்கு மேல?"

"புதுசுங்க. ஜெரினாக்காட்டம்மா." சிங்கராயருக்கு நெற்றி வியர்த்தது, அந்தக் குளிரிலும். "நொம்பக் கண்டிப்பானவங்க. செய்யலைன்னா என்னைய ஊட்டுக்குள்ளயே உட மாட்டாங்க."

 ஜட்ஜய்யா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "எங்க வீட்டம்மா மாதிரியா?"

"அதேதானுங்க."

"அப்ப முதல்ல அங்கே போய்யா!"

சனிக்கிழமை காலை செங்கோடன் கூரை மேல் குந்தியிருந்தார். சிங்கராயர் ஏணியில் நின்று ஓடுகளை எடுத்துக் கொடுத்தார். "ஜட்ஜு ஊட்டுல பிரியாணியாமா, நீங்க இங்க ஓடு சுமக்கறீங்க" என்று செங்கோடன் சீண்டினார். "பேசாம அடுக்குடா. அம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார் சிங்கராயர். அம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் தோள்கள் குலுங்கின. கடைசி ஓடு உட்கார்ந்தபோது எதிர்மலையை மஞ்சு மூடிவிட்டது.

செங்கோடன் கிளம்பினார். தூறல் பிடித்து, நிமிடத்தில் பெருமழையாயிற்று. அமலி கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். மேற்கு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். புழுதி படிந்த சட்டையோடு சிங்கராயர் அங்கே வெறும் சிமெண்டுத் தரையில், மகளுக்குப் பாய் விரிக்கப்போகும் இடத்தில், மல்லாந்து படுத்திருந்தார். மேலே ஓட்டில் மழை தடதடத்தது; உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை. அவர் இமைகூடக் கொட்டாமல், முகத்தை நேராக அதற்குக் கொடுத்துக்கொண்டு கிடந்தார்.