கிருஷ்ணாயில் என்றால் என்ன எண்ணெய்?

குஜராத்தில் பூமி அதிர்ந்து, அடுத்த மாதமே கோலார் தங்கவயலில் எங்கள் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வருடம்தான் இந்தப் பயணம். வேலை போன கையோடு நானும் மனைவி ராஜம்மாவும் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மகன் வீட்டுக்குக் கிளம்பினோம். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும்; சொல்லித்தான் எழுத வைக்கிறேன்.

காலை ஆறேகாலுக்கு ரயில், ஒன்பதுக்குக் கண்டோன்மென்ட். அங்கிருந்து மகன் தெருக்காரர் பஷீர் பாய் ஆட்டோவில் இருபத்தைந்து ரூபாய். மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போய்விட, இரண்டு வயதுப் பேத்தி ஜான்சி எங்கள் பொறுப்பு. பதினொன்றரைக்கு ராஜம்மா ஸ்டவ்வுக்குக் கிருஷ்ணாயில் ஊற்றிவிட்டு பாட்டிலைத் தரையில் வைத்தாள். கலர் சோடா குடிக்கும் பாட்டில். திரும்புவதற்குள் குழந்தை குடித்துவிட்டது.

யார் எதைக் குடித்துத் தொலைத்தாலும் எங்கள் சுரங்க லைன் வீடுகளில் உப்புத் தண்ணீர்தான் வைத்தியம். ஒரு டம்ளர் புகட்டினேன். வாந்தி வந்தது. பிறகு இருமல் வந்தது, அது நிற்கவில்லை.

பஷீர் பாய் தெருமுனை டீக்கடையிலேயே இருந்தார். "ஏறுங்க பெரியவரே, மீட்டர் கீட்டர் பாக்காதீங்க." ஆனாலும் பார்த்தேன்: நாலு கிலோமீட்டர், பதின்மூன்று நிமிடம். ரயில்வே கேட் திறந்திருந்தது யார் செய்த புண்ணியமோ.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா, கன்னடக்காரர்.

"ஏனு குடிச்சுது?"

"கிருஷ்ணாயிலும்மா."

"கிருஷ்ணா ஆயிலா? தலைக்கு ஹாக்கோ எண்ணெயா?"

"கிருஷ்ணாயில்தாம்மா!" பதற்றத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

நர்ஸ் குனிந்து குழந்தையின் வாயை மோந்தார். "டாக்டர், சீமெ எண்ணெ! கெரசின்! எங்கப்பாவும் தங்கவயல்தான், இப்பிடித்தான் சொல்லுவாரு."

"வாந்தி எடுத்தாளா?"

"நான்தான் எடுக்க வச்சேன்" என்றேன், பெருமையாக.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "தப்பு தாத்தா. வயித்துல இருந்தா அவ்ளோ பயமில்ல. மேல வந்து மூச்சுக் கொழாய்ல போனாதான் கஷ்டம்."



"குழாய் உட்டுக் கழுவுங்கம்மா" என்று ராஜம்மா அழுதாள்.

"பேடம்மா, அதுவும் கூடாது."

நனைந்த சட்டையைக் கழற்றி உடம்பைத் துடைத்தார்கள். ராஜம்மா மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கவில்லை. மூக்கருகே ஆக்சிஜன் குழாயை மட்டும் பிடித்தார்கள். டாக்டரம்மா தரையில் மண்டியிட்டு, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, விலா எலும்பு உள்ளே போய் வருவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். ஐம்பத்தாறு; அந்த வயதுக்கு நாற்பதைத் தாண்டக் கூடாதாம். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை சரிந்து சிக்கிய ஆளைத் தூக்கிய கூட்டத்தில் நானும் இருந்தவன். ஒரு மூச்சை இப்படிக் காவல் காப்பவரை அதுவரை பார்த்ததில்லை. கால் மணிக்கு ஒருமுறை வந்து எண்ணினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் மதியம் முப்பத்திரண்டு.

"தாத்தா, இனிமே நீங்களும் மூச்சு உடலாம்" என்றார் நர்ஸ்.

குழந்தையோடு ஊர் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மண்ணெண்ணெயைக் குடிக்கும் பாட்டிலில் வைக்காதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள். நம் ஊர்ப் பேர் அடுத்த ஊரில் புரியாது.

அன்று ஆட்டோவில் நாலு பேர் போனோம். பஷீர் பாய் சர்க்கரை வியாதியில் போனார். ராஜம்மா போய் ஆறு வருடம். எனக்கு இன்னும் எத்தனை நாளோ. என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சம் ஒருத்திதான், ஜான்சி.