கழுகுமலை பஸ்ஸில் ஒரு பிரீமூவ்

இன்று கழுகுமலை பஸ்ஸில் உட்கார்ந்து போனில் மூன்று நிமிட செஸ் ஆடினேன்.

என்னிடம் ராணி இருந்தது. எதிராளியிடம் ராஜாவும் இரண்டு சிப்பாய்களும்தான். கடிகாரத்தில் எனக்கு ஆறு விநாடி, அவனுக்கு இரண்டு.

நேரம் முடிந்து தோற்றது நான்.

"அநியாயம்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற அண்ணாச்சி, "என்ன ஆச்சு தம்பி?" என்றார். காலடியில் உளுந்து விதை மூட்டை.

"பிரீமூவ் அண்ணாச்சி. நான் யோசிக்கும்போதே அவன் அடுத்த காயை நகர்த்தி வச்சிருதான். என் முறை முடிஞ்சதும் அது தானா விழுந்திருது. அவனுக்கு நேரமே குறையாது. இது நியாயமா?"

"நியாயமில்லதான்" என்றார். "கோவில்பட்டியில நான்தான் முதல்ல ஏறுனேன். ஏறிப் பாத்தா இந்த சீட்டுல ஜன்னல் வழியா போட்ட உங்க கர்ச்சீப் கிடக்கு. நீங்க கீழ டீ குடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

எழுந்தேன். "இருக்கட்டும், நீங்க ஆடுங்க" என்றார்.

கழுகுமலை வரை அவர் உட்காரவில்லை. நான் ஆடவில்லை.

பிரீமூவைத் தடை செய்ய வேண்டும் என்றே இப்போதும் சொல்கிறேன். கர்ச்சீப்புக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?