மூன்று லென்ஸும் ஒரு சக்கர நாற்காலியும்

கேமரா லென்ஸ்களை வாடகைக்கு விடும் அந்தக் கடையில் அவளுக்குப் பூனை என்று பெயர். வைத்தவர் கவுண்டரில் நிற்கும் விற்பனையாளர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, ஆனால் கண் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும் என்பார். பதிலுக்கு அவளும் அவருக்கு வாய்ப்பந்தல் என்று ஒரு பெயர் வைத்திருந்தாள். அதைத் தன் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. தம்பி ஓடியாடத் தொடங்கியபோது பள்ளிக்கூடம் அவளை மறந்துபோயிருந்தது. பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இந்தக் கடைக்கு முதலில் பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். அவள் துடைத்த கண்ணாடி அலமாரியில் ஒரு கோடுகூட விழவில்லை என்பதை முதலாளி ஒருநாள் கவனித்தார். மறுநாளே பின்னறை மேசையில் உட்கார வைத்துவிட்டார். அதற்குப் பதினொரு வருஷம் ஆகிறது.

வாடகைக்குப் போய்த் திரும்பும் லென்ஸ் ஒவ்வொன்றும் அவள் கைக்கு வரும். முதலில் ரப்பர் பந்தை அமுக்கி ஊதித் தூசியைப் போக்குவாள். பிறகு மென்மையான தூரிகை, அதன் பிறகு இரண்டு சொட்டு மருந்தில் நனைத்த துணி. நடுவிலிருந்து வட்டம் வட்டமாக வெளியே வரவேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு லென்ஸோடும் அது எங்கே போயிற்று என்று ஒரு சீட்டு வரும். அவள் சீட்டை முதலில் படிப்பதில்லை. அழுக்கைப் பார்ப்பாள், யூகிப்பாள், அப்புறம்தான் சீட்டைத் திருப்புவாள். வளையத்தின் பள்ளத்தில் மணல் நறநறத்தால் கடற்கரை. முகப்பவுடரும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் கல்யாணம். ஆற்றுக் கப்பலில் உல்லாசப் பயணம் போனவர்கள் கொண்டுவருவதுதான் வேடிக்கை. ஆசை ஆசையாக எடுத்துப்போன பெரிய தூர லென்ஸ் போனபடியே திரும்பும். ரப்பர் பிடியில் வியர்வைகூட இருக்காது. கூடப் போன சின்ன லென்ஸில் ஒரு குடும்பமே விரல் வைத்திருக்கும்.

இப்படி யார் தொந்தரவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாய்ப்பந்தல் சொந்தமாக ஸ்டூடியோ வைக்கப்போவதாகச் சொன்னார். முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா, இனி ரெண்டு பேர வச்சுக் கட்டுப்படியாகாது. துடைக்கவும் தெரியணும், வர்றவங்ககிட்ட பேசவும் தெரியணும். நீ பேசறதா இருந்தா நீ இரு. இல்லன்னா நான் வேற ஆள்தான் பாக்கணும்."

வீட்டில் சொன்னாள். பஸ் பணிமனையில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் சிரிக்காமல் சொன்னார்: "நீ வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்க கடையையே மூடிடுவாங்களே!" சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை வாய்ப்பந்தல் தன் ஸ்டூடியோவுக்கு இடம் பார்க்க விடுப்பில் போய்விட்டார். முதலாளி உள்ளறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு செய்தித்தாளை விரித்தார். பரீட்சை என்று அவளுக்குப் புரிந்தது.

பத்து மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். மற்றவர் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மூக்கே சொன்னது.

"போன்ல மூணு லென்ஸ் சொல்லி வச்சிருந்தேன். அடுத்த வாரம் ஆத்துக் கப்பல்ல போறோம், ஏழு நாள்" என்றார் தள்ளிக்கொண்டு வந்த தங்கை.

"போறோம்னு சொல்லாதடி. நீ போற. என்னைத் தள்ளிட்டுப் போற" என்றார் அக்கா.

அவள் மூன்று லென்ஸையும் எடுத்துவந்து கவுண்டர் விரிப்பின்மேல் வைத்தாள். வாய்ப்பந்தல் வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்களை இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் செய்தித்தாள் ரொம்ப நேரமாக ஒரே பக்கத்தில் நின்றது.

தங்கை பெரிய லென்ஸைத் தூக்கிப் பார்த்தார். "அம்மாடி, என்ன கனம்! பச்சக் குழந்தை மாதிரி இருக்கு."

"நர்ஸ் வேலையில ஆயிரம் பிரசவம் பாத்த கைதானே, தாங்கும்" என்றார் அக்கா.

"நாற்காலிய யாரு தள்ளுவாங்க?"

கேட்டது தன் குரல்தான் என்று அவளுக்கே தெரிய ஒரு நொடி ஆயிற்று.

"நான்தான். வேற யாரு?" என்றார் தங்கை.

"அப்ப இதை யாரும்மா பிடிப்பாங்க?"

அக்கா நாற்காலி குலுங்கச் சிரித்தார். "கேட்டா பாரு ஒரு கேள்வி! வீட்ல நானும் இதைத்தான் கேட்டேன், சும்மா கெடன்னுட்டா!"

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தைரியம் கொடுத்தது. "ஆத்துக்குப் போற பெரிய லென்ஸ் போன மாதிரியே திரும்பி வந்துரும்மா. நான்தானே துடைக்கிறேன், எனக்குத் தெரியும். கரை கிட்டத்துலயே இருக்கும், ஊருக்கு ஊரு இறங்கி நடப்பாங்க. சின்னதுதான் வேலை செய்யும். பெரிசு வீண் சுமை, வேண்டாம்."

பதினொரு வருஷத்தில் அந்தக் கடையில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். காது சுட்டது. உள்ளே முதலாளி பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"ரொம்ப நல்லது. பாரம் குறைஞ்சுது" என்றார் தங்கை.

"அப்ப எடுத்து உள்ள வச்சிடும்மா" என்றார் அக்கா.

சீட்டை எழுதிக் கொடுத்திருந்தால் அதோடு காரியம் முடிந்திருக்கும். ஆனால் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? இவ்வளவு நேரம் கவுண்டர் விளிம்பைப் பிடித்து அந்தப் பெரிய லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கைகள் இப்போது மடிக்குப் போய்விட்டன. கடைசியாகச் சொன்ன வார்த்தையில் சிரிப்பு இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, முதல் பேச்சிலேயே எதையோ கெடுத்துவிட்டோமா என்று அவளுக்கு உறைத்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"கப்பல் நிக்கிற ஊர்ல எல்லாம் நீங்க இறங்குவீங்களாம்மா?"

"எங்க இறங்கறது? படிக்கட்டு, கல்லு பாவின தெரு. நாற்காலி போகாதுன்னு கப்பல்காரங்க முன்னாடியே எழுதிட்டாங்க. இவ போய் எடுத்துட்டு வந்து காட்டுவா, நான் பாத்துக்குவேன்."

"அதுவரைக்கும்?"

"மேல்தளத்துல உக்காந்து போற வர்ற படகை எண்ண வேண்டியதுதான்."

அழுக்கு சொன்னதெல்லாம் நடக்கிறவர்களின் கதை. உட்கார்ந்தே இருக்கிறவர் எடுத்துப்போன லென்ஸ் ஒன்றுகூட இதுவரை அவள் மேசைக்கு வந்ததில்லை. அதை யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அலமாரிக்குப் போய் வேறொரு தூர லென்ஸை எடுத்தாள். எழுபது-முந்நூறு என்று எண் போட்டது. பெரியதில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். கடைக் கேமராவில் பூட்டி, நாற்காலியைத் தானே ஜன்னல் பக்கம் திருப்பி, வாரை அக்காவின் கழுத்தில் மாட்டி, கேமராவை அவர் கையில் கொடுத்தாள். முழங்கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றவைத்தாள். "இந்த வளையத்தைத் திருப்புங்க, கிட்ட வரும்."

அக்கா கண்ணை வைத்தார். கை ஆடவே இல்லை.

"எதிர்மாடியில ஒருத்தன் தைக்கிறான்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "ஊசியில நூல் கோக்க வரல அவனுக்கு. எச்சில் தொட்டுப் பாக்கறான்… ம்ஹூம். நாக்கை நீட்டறான் பாரு, சின்னப்புள்ள மாதிரி! மறுபடியும் தப்பு. அட, மெதுவாடா… ஆங், கோத்துட்டான்!" கேமரா மூன்று முறை கிளிக் என்றது.

தங்கை ஜன்னலுக்கு வந்து வெறுங்கண்ணால் பார்த்தார். அவருக்கு ஒரு சட்டை நிறம்தான் தெரிந்தது. "இவ பாட்டில் கம்பெனியில இருந்தா. ஓடற பெல்ட்டுல கீறல் பாத்த கண்ணு, முப்பது வருஷம்" என்று கவுண்டர் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு அக்காவிடம், "உனக்கு எடுக்கணும்னு ஆசை இருந்தா வாயைத் திறந்து சொன்னா என்ன?" என்றார்.

"நீ கேட்டியா? கப்பல்ல போகலாமான்னுகூடக் கேக்கல. டிக்கெட்டைத்தான் நீட்டின."

தங்கை குனிந்தார். அக்காவின் கழுத்தில் முறுக்கிக் கிடந்த கேமரா வாரை நேராக்கிவிட்டார்.

"நான் முதல்ல சொன்னது தப்பும்மா" என்றாள் அவள். "தூர லென்ஸ் வேணும். ஆனா அந்தப் பெரிசு இல்ல, இது. கப்பல் ஓரத்துக் கம்பி மேல வச்சு எடுக்கறதா இருந்தா ஒரு சின்னத் துணிப்பையில பயறு நிரப்பி அடியில குடுங்க, அசையாது. கிட்டத்துல எடுக்க செல்போனே போதும்."

"அப்ப எனக்கு?" என்றார் தங்கை.

"நீங்க கைய வீசிட்டு நடங்கம்மா."

நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஓடிய அந்த அம்மா தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதுக்கும் பழகணும்" என்றார்.

முதலாளி எழுந்துவந்து, அவர்களை வாசல்வரை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"மூணு கேட்டு வந்தவங்கள ஒண்ணோட அனுப்பிட்ட."

"ஆமா சார்."

"அவனா இருந்தா நாலாவதா ஒண்ணையும் தலையில கட்டியிருப்பான்."

"ஆமா சார்."

அவர் முகத்தைப் படிக்க முடியவில்லை. கவுண்டரில் கிடந்த மூன்று லென்ஸையும் மெதுவாக மூடிபோட்டு வைத்தார். "நாற்காலியில இருந்த அம்மா போகும்போது என்ன சொன்னாங்க தெரியுமா? திரும்பக் குடுக்க வரும்போது நீ இருப்பியான்னு என்னைக் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. திங்கக்கிழமையிலிருந்து கவுண்டர்ல நிப்பியா?"

அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நின்றுகொண்டே கேட்கிறார்கள், நின்றுகொண்டே வாங்கிப்போகிறார்கள். உட்கார்ந்து பேசிய முதல் ஆள் இன்றைக்கு வந்த அந்த அக்காதான், அதுவும் நாற்காலியைக் கையோடு கொண்டுவந்ததால்.

"நிக்க மாட்டேன் சார்" என்றாள். "உக்காந்துதான் எனக்குப் பேச வருது. வர்றவங்களுக்கு ரெண்டு நாற்காலி போடுங்க, என் பக்கம் ஒண்ணு. நேரம் ஆகும், கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"கடையில இடம் ஏது?"

அவள் வாசலை ஒட்டி நின்ற அலமாரியைக் காட்டினாள். கடை திறந்த நாளிலிருந்து யாரும் நகர்த்தாத அலமாரி; உள்ளே ஜோடி தொலைந்த மூடிகள், பழைய விலைப்பட்டியல்கள்.

முதலாளி அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"அந்த முனையப் பிடி" என்றார்.