இரண்டு பொன்னாடையும் ஒரு மதகும்

போன வாரம் ஒரே மேடையில் எனக்கு இரண்டு பொன்னாடை போர்த்தினார்கள். சாதனை எதுவும் செய்துவிடவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரம் பக்கம் போய், சிறப்பு விருந்தினர் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அங்கே பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட ஏரி ஒன்று இருக்கிறது. ஒரு கரை பேரூராட்சிக்கு, எதிர்க்கரை ஊராட்சிக்கு. ஏரியை மீட்க இரண்டும் கைகோத்து ஒப்பந்தம் போட்டதற்குத்தான் விழா. கைகோத்தவர்கள் தனித்தனியாக ரிப்பன் வெட்டினார்கள், தனித்தனியாக நன்றியுரை சொன்னார்கள். பொன்னாடையும் அப்படித்தான் இரண்டானது. மைக் செட் போட்ட சத்தத்தில் ஒரு கொக்குகூட எட்டிப் பார்க்கவில்லை.

நானும் சும்மா இருந்தேனா? மைக்கைப் பிடித்து, “நாட்டுக்கே முன்மாதிரி” என்று பேசிவிட்டு இறங்கினேன். வெட்கக்கேடு.

கீழே அந்தோணிசாமி மனுவோடு நின்றிருந்தார். ஏரியை ஒட்டி வாழை போட்டிருப்பவர்.

“மதகு அடைச்சுக் கிடக்குங்க. தண்ணி வெளியேற வழியில்லாம தோட்டத்துக்குள்ள ஏறிடுச்சு. தார் விட்ட வாழை. இன்னும் ரெண்டு நாள் நின்னா வேர் அழுகிடுங்க.”

எதனால் அடைத்தது? அதுதான் கூத்து. ஏரியில் மண்டிய ஆகாயத்தாமரையை இரண்டு தரப்பும் அள்ளியது உண்மைதான். பேரூராட்சி தன் பங்கை ஊராட்சிக் கரையில் கொட்டியது. ஊராட்சி தன் பங்கைப் பேரூராட்சிக் கரையில் கொட்டியது. “எங்கள் எல்லையில் செடி இல்லை” என்று இரண்டு ஃபைலும் மூடப்பட்டன. ஒரு மழை... மொத்தச் செடியும் ஏரிக்குள் சரிந்து மதகில் வந்து அடைத்துக்கொண்டது.

பேரூராட்சி அதிகாரி மனுவை வாங்கவில்லை. “மதகு எந்தப் பக்கம் வருது?” என்று கேட்டார்.

“நட்ட நடுவுலங்க.”

“அப்ப ஜாயிண்ட் இன்ஸ்பெக்ஷன் போடணும்.”

ஊராட்சிக்காரரும் தலையாட்டினார். “ஆமாங்க, நாங்க மட்டும் தொட்டா அவங்க எல்லையில கை வெச்ச மாதிரி ஆயிடும்.”

கொட்டும்போது தெரியாத எல்லை, அள்ளும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர்களைச் சொல்வானேன்... பத்து நிமிஷம் முன்னால் இவர்களைத்தானே முன்மாதிரி என்றேன்?

லெமன் சாதம் காலியானது. ஜீப்புகள் கிளம்பின. பந்தலையும் பிரித்தாகிவிட்டது.

அந்தோணிசாமி மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் செடியைப் பிடுங்கிக் கரையில் போட்டார். அவர் மனைவி மேரி அதைக் கூடையில் அள்ளித் தலையில் தூக்கிக்கொண்டு தோட்டத்து மேட்டுக்கு நடந்தார். ஈரச்செடி, நல்ல கனம். கழுத்து ஆடியது. காரில் ஏறப்போன எனக்குக் கால் வரவில்லை.

இரண்டு பொன்னாடையையும் எடுத்து நீட்டினேன். “தலைக்கு வெச்சுக்குங்க.”

“பட்டு மாதிரி இருக்கேம்மா, பாழாயிடுமே.”

“பாலியெஸ்டர்தாங்க. இதுக்குமேல பாழாக ஒண்ணுமில்ல.”

மேரி சிரித்துக்கொண்டே ஒன்றைச் சுருட்டித் தலையில் வைத்தார். இன்னொன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு நானும் ஒரு கூடை தூக்கினேன். மூன்றாவது நடையிலேயே என் முதுகு விட்டுப்போனது, அது வேறு விஷயம். பொழுது சாயும் நேரத்தில் மதகில் தண்ணீர் சளசளவென்று இறங்க ஆரம்பித்தது. அந்தோணிசாமி கரையேறி, வாழைத்தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு உள்ளாட்சிகளும் கைகோத்து அந்த ஏரிக்குச் செய்த ஒரே உதவி... எங்கள் தலையில் இருந்த அந்த இரண்டு சும்மாடுதான்.