இடது பக்கம் இல்லாத ஹெட்போன்

என் வேலை மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு ஹெட்போன் இருக்கிறது. வலது காதுக்கு மட்டும்தான் மெத்தை. இடது பக்கத்தைக் கழற்றிவிட்டு, தலையில் உறுத்தாமல் இருக்க அந்த முனையில் துணி சுற்றியது நான்தான். ஒரே ஒரு ஜல்லிக்கட்டு நாளில் அதை அணிந்தவர், ஆம்புலன்ஸில் பணிக்கு வந்திருந்த சிஸ்டர்.

டிப்ளமோ முடித்து, புதுக்கோட்டையில் வாக்கி டாக்கி வாடகைக்கு விடும் கடையில் நான் சேர்ந்த புதிது. ஜல்லிக்கட்டு நடந்த ஊர் அன்னவாசல் பக்கம். ஆம்புலன்ஸுக்குள் நான்கு வாக்கி டாக்கிகள்: வாடிவாசல், மருத்துவக் கூடாரம், போலீஸ், கலெக்‌ஷன் பாயிண்ட். களத்தைத் தாண்டி ஓடிவரும் காளைகளை உரிமையாளர்கள் பிடித்துக் கட்டும் இடம் கடைசியாகச் சொன்னது. நான்கும் சேர்ந்து அலறினால் ஒன்றும் விளங்காது. நான்கின் சத்தத்தையும் ஒரு சிறு பெட்டிக்குள் சேர்த்து, ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து, இன்ஜின் இரைச்சலைக் குறைத்து, ஒரே ஹெட்போனுக்குக் கொண்டுவருவது என் வேலை. டிப்ளமோவில் படித்த முறைப்படியே பிரித்திருந்தேன், இடக் காதில் இரண்டு, வலக் காதில் இரண்டு.

சிஸ்டர் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினார்.

“நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா நாலையும் ஒரே காதுல போட்டுரு.”

“கொழப்பமா இருக்கும் சிஸ்டர்.”

“இருக்கட்டும். இந்தக் காது படுத்திருக்க ஆளுக்கு” என்று தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

“எங்க வீட்டுல நாலு பேரு கத்துனா நான் ரெண்டு காதையும் கழட்டி வச்சிருவேன்” என்றார் டிரைவர் அண்ணன்.

“அதான் ஒங்களுக்குச் சோறு கடைசியா வருது” என்றார் சிஸ்டர்.

குத்துப்படுவது மாடுபிடி வீரர்கள் மட்டும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கயிறும் கையுமாகச் சொந்தக் காளையின் பின்னால் ஓடுகிறவர்களுக்கும் அதே கொம்புதான். மதியத்துக்கு மேல், தன் செவலைக் காளையைத் தேடி ஓடிய இளைஞன் ஒருவனை எதிரே வந்த வேறொரு காளை வயிற்றில் குத்தியது. நான் முன் இருக்கையில், சோதனைக்காக இன்னொரு இயர்போனைக் காதில் மாட்டியிருந்தேன். வண்டி புதுக்கோட்டை ரோட்டில் ஏறியதும் அவன் பேசினான். சிஸ்டர் ஒரு கையால் காயத்துத் துணியை அழுத்தியபடி, இடது காதை அவன் வாயருகே கொண்டுபோனார்.

“செவல கெடச்சானா அக்கா?”

அவன் கேட்டு முடிப்பதற்குள் கலெக்‌ஷன் பாயிண்ட் குரல் வந்தது. “ஆம்புலன்ஸ்ல போன பையனோட செவல கெணத்துல விழுந்துருச்சு. கயிறெல்லாம் வேணாம்ப்பா. கழுத்து ஒடிஞ்சு போச்சு.”

சிஸ்டரின் மற்றக் கை உயர்ந்து, ஹெட்போனைக் காதோடு இறுக்கிப் பிடித்தது. இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை போலும் என்று, சத்தத்தைக் கூட்டுவதற்குப் பெட்டியிலிருந்த குமிழை நோக்கிக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

“கெடச்சிருச்சு தம்பி. கட்டிட்டாங்க. நீ கண்ண மூடாத.”

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது அவன் பேச்சு நின்றிருந்தது. பொழுது சாய்வதற்குள் இறந்துவிட்டான்.

சில வாரங்கள் கழித்து, அன்று சிஸ்டரோடு போய்விட்ட ஹெட்போனை வாங்கிவரத் திருக்கோகர்ணத்தில் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். அங்கே இறந்தவனின் அக்காள் உட்கார்ந்திருந்தார். அந்தக் காளையைக் கன்றிலிருந்து தீனி வைத்து வளர்த்தவர் அவர்தான். தம்பி கடைசியாக என்ன கேட்டான் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். அவன் கேட்டதையும் தான் சொன்னதையும் சிஸ்டர் மறைக்காமல் சொன்னார்.

“நம்புனானா சிஸ்டர்?”

“தெரியலத்தா.”

“அந்த வாக்கி டாக்கி சத்தம் அவங் காதுல விழுந்திருக்குமோ?”

“விழுந்துறக் கூடாதுன்னுதான் அமுக்கிப் புடிச்சிருந்தேன்.”

வண்டியில் அந்தக் கையை அருகிலிருந்து பார்த்தவள் நான். அது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. “தன் மேல குனிஞ்ச மொகத்தப் பாத்தே அவன் பொய்யக் கண்டுபுடிச்சிருவான்” என்று சொல்லிவிட்டு அக்காள் எழுந்து போனார். சிஸ்டர் என்னிடம் ஹெட்போனைத் தந்தார். பிறகு எந்த ஊர் ஜல்லிக்கட்டுக்கும் அவர் பணிக்கு வரவில்லை.

இப்போது நான் தனியாகக் கடை வைத்திருக்கிறேன். ஜல்லிக்கட்டு வண்டிகளுக்கு இந்தப் பெட்டியைச் செய்து தருகிறேன். எல்லோருக்கும் ஒரே காதில்தான். அழுத்திப் பிடித்த ஹெட்போனிலிருந்து ஒரு முழத் தூரத்துக்குச் சத்தம் கசியுமா என்று அளக்கும் கருவி என் மேசைமேலேயே இருக்கிறது. அந்தப் பழைய பெட்டியும் வேலை செய்கிறது. எல்லாவற்றையும் இணைத்தால் அக்காளின் கேள்விக்குப் பாதி விடையாவது கிடைத்துவிடும். நான் இழுப்பறையைத் திறப்பேன், துணி சுற்றிய முனையைத் தொட்டுப் பார்ப்பேன், மூடிவிடுவேன்.